மகனுக்கு மின்சாரம் சொல்லிக்கொடுத்த பன்னிரண்டு நாட்கள்

திருச்செங்கோட்டில் ரிக் வண்டிக்காரர் வீடு என்று சொன்னாலே எங்கள் பக்கத்தில் மற்றதெல்லாம் புரிந்துவிடும். ஆழ்துளைக் கிணறு போடும் வண்டியோடு கணவர் வட மாநிலத்துக்குப் போய்விட்டால் திரும்பி வர மூன்று மாதமும் ஆகலாம், ஐந்து மாதமும் ஆகலாம். அதுவரை பால் கணக்கு முதல் பள்ளிக்கூடம் வரை எல்லாவற்றையும் வீட்டில் இருப்பவள்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். நான் பி.காம். படித்துவிட்டு ஒரு விசைத்தறிக் கூடத்துக்குக் கணக்கு எழுதிக்கொண்டிருப்பவள். பற்று வரவு தெரியுமே தவிர, மின்சாரம் என்றால் சுவிட்சைப் போட்டால் விளக்கு எரியும் என்பதற்கு மேல் ஒன்றும் தெரியாது. ஆறாம் வகுப்பில் படிக்கும் என் மகன் ஒரு திங்கட்கிழமை மாலை வந்து, அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை அறிவியல் கண்காட்சி என்றும், தான் மூன்று அறையிலும் விளக்கு எரியும் அட்டை வீடு செய்வதாகப் பெயர் கொடுத்துவிட்டதாகவும் சொன்னான். அன்றிலிருந்து பன்னிரண்டு நாட்களில் நான் இழந்தது சுமார் 2,600 ரூபாய், பதினோரு இரவுத் தூக்கம், அதற்கும் மேலாக ஒரு கணம் போய் வந்த உயிர்.

முதல் தவறை அந்தத் திங்கட்கிழமை இரவே செய்தேன். அவனுடைய அறிவியல் புத்தகத்தில் மின்னியல் பாடம் இருந்தது. மின்கலம் (செல்), சாவி (சுவிட்ச்), மின்சுற்று என்று படம் போட்டு விளக்கியும் இருந்தது. அதைப் பிரித்துப் பார்க்காமல், கைப்பேசியில் தேடி 1,299 ரூபாய்க்கு ஒரு செய்முறைப் பெட்டிக்குப் பணம் கட்டிவிட்டேன். அது சனிக்கிழமைதான் வந்து சேர்ந்தது. உள்ளே இருந்த கிளிப்புகள் பாதி பிடிக்கவில்லை, ஒயர்கள் ஒரு சாண் நீளத்துக்கு மேல் இல்லை, விளக்கத் தாளில் படம் மட்டும்தான் இருந்தது. திருப்பி அனுப்ப நேரமில்லை. பின்னாளில் கணக்குப் போட்டுப் பார்த்தபோது, இரண்டு செல், செல் மாட்டும் கூடு, மூன்று டார்ச் பல்பு, அவற்றுக்கான ஹோல்டர், ஐந்து மீட்டர் மெல்லிய ஒயர், ஒரு சின்ன சுவிட்ச் எல்லாம் சேர்த்து 200 ரூபாயைத் தாண்டவில்லை. எங்கள் ஊர் மின்சாமான் கடைகளில் நீர்மூழ்கி மோட்டாருக்கான கேபிளும் ஸ்டார்ட்டரும்தான் அடுக்கி வைத்திருப்பார்கள்; எல்.இ.டி.யும், மின்னோட்டத்தை மட்டுப்படுத்தும் ரெசிஸ்டரும், ஹோல்டரும் வேண்டுமானால் ரேடியோ, டிவி பழுது பார்க்கும் கடைக்கோ, எலெக்ட்ரானிக்ஸ் உதிரிபாகம் விற்கும் கடைக்கோ போக வேண்டும். இந்த வித்தியாசம் தெரியாமல் நான்கு கடை ஏறி இறங்கினேன்.

பெட்டி வரும்வரை சும்மா இருக்க வேண்டாம் என்று ஒரு காணொளியைப் பார்த்து எலுமிச்சம்பழத்தில் மின்சாரம் எடுக்க முயன்றோம். துத்தநாகப் பூச்சுள்ள ஆணி ஒன்றையும் செம்புக் கம்பித் துண்டு ஒன்றையும் பழத்தில் குத்த வேண்டும். செம்புக் கம்பிக்காக மோட்டார் வைண்டிங் கடைக்குப் போனேன். அங்கிருந்த பையன் காசே வாங்காமல் ஒரு கைப்பிடி கொடுத்தான். ஆறு பழம் குத்தியும் டார்ச் பல்பு எரியவில்லை. மறுநாள் அந்தக் கடைக்காரப் பையனிடமே கேட்டபோது, "அக்கா, அந்தக் கம்பி மேல வார்னிஷ் பூசியிருக்குமுங்க, சுரண்டாம எப்படிங்க கரண்ட் போகும்?" என்று சிரித்தான். பளபளவென்று செம்பு நிறத்தில் இருந்ததால் வெறும் கம்பி என்று நினைத்துவிட்டேன். மோட்டார் சுற்றும் கம்பி ஒன்றன்மேல் ஒன்றாக நெருங்கிச் சுற்றப்படுவதால், சுற்றுகள் ஒன்றையொன்று தொட்டு மின்சாரம் குறுக்கே தாவிவிடாதிருக்க அந்தப் பூச்சு. முனையைக் கத்தியாலோ உப்புத் தாளாலோ சுரண்டினால்தான் கடத்தும். சுரண்டிய பிறகும் பல்பு எரியவில்லை. ஒரு பழம் ஏறக்குறைய ஒரு வோல்ட் கொடுக்கிறது, ஆறு பழம் ஆறு வோல்ட், அப்படியிருக்க இரண்டரை வோல்ட் பல்பு ஏன் எரியவில்லை என்று இரவெல்லாம் யோசித்தேன்.

விடை பல்பின் கழுத்திலேயே பொறித்திருந்தது. 2.5 வோல்ட், 0.3 ஆம்பியர். வோல்ட் என்பது தள்ளும் அழுத்தம். ஆம்பியர் என்பது எவ்வளவு ஓடுகிறது என்னும் அளவு. எலுமிச்சம்பழத்துக்கு ஓரளவு தள்ளத் தெரியும், ஆனால் அதனால் ஓடச் செய்ய முடிவது ஓர் ஆம்பியரில் ஆயிரத்தில் ஒரு பங்கு அளவுதான். பல்புக்கோ அதைப்போல் முந்நூறு மடங்கு வேண்டும். அவனுக்கு இப்படிச் சொன்னேன்: மேல்தொட்டி எவ்வளவு உயரத்தில் இருந்தாலும், குழாய் ஊசி முனை அளவு இருந்தால் ஒரு குடம் நிறைய ஒரு நாள் ஆகும். அவனுக்கு அது புரிந்தது. குழந்தைகளுக்கு எலுமிச்சம்பழத்தில் தொடங்காதீர்கள் என்பதே என் அபிப்பிராயம். தொடங்கித்தான் ஆக வேண்டுமென்றால் பல்பை விட்டுவிட்டு, மிகக் குறைந்த மின்னோட்டத்திலேயே மினுங்கும் சிவப்பு எல்.இ.டி.யைப் பயன்படுத்துங்கள்; மூன்று நான்கு பழங்களை வரிசையாக இணைத்தால் இருட்டில் தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை பெட்டியோடு வந்த 9 வோல்ட் பேட்டரியில் டார்ச் பல்பை இணைத்தோம். கண் சிமிட்டும் நேரம் வெள்ளையாக எரிந்து கருகியது. பல்பு மோசம் என்று நினைத்து இன்னொன்று, பிறகு இன்னொன்று என நான்கு பல்பு போன பிறகுதான், முந்தாநாள் நானே அவனுக்குப் படித்துக் காட்டிய அந்த 2.5 வோல்ட் என்னும் எண் நினைவுக்கு வந்தது. கணக்கு எழுதுகிறவளுக்கு இது வெட்கக்கேடு. சுவர்க் கடிகாரத்துக்குப் போடுகிற செல் ஒன்று 1.5 வோல்ட், ஒன்றின் நேர்முனை அடுத்ததன் எதிர்முனையைத் தொடும்படி இரண்டை அடுக்கினால் 3 வோல்ட், அந்த பல்புக்கு அதுவே போதும். எதை வாங்கினாலும் முதலில் அதன்மேல் எழுதியிருக்கும் எண்ணைக் குழந்தையையே படிக்கச் சொல்லுங்கள், ஒரு நோட்டில் எழுதச் சொல்லுங்கள்.

அடுத்து வந்தது சுற்று என்பது எது என்னும் சிக்கல். மகன் செல்லின் ஒரு முனையிலிருந்து ஒரே ஒரு ஒயரைப் பல்புக்குக் கொண்டுபோய்விட்டு, ஏன் எரியவில்லை என்று கேட்டான். குழாயில் தண்ணீர் வருவதுபோல ஒயரில் கரண்ட் வரும் என்று நான் சொல்லி வைத்திருந்ததன் விளைவு அது. தொட்டியிலிருந்து செடிக்கு ஒரு குழாய் போதுமல்லவா? "அப்படீன்னா ஒயரை வெட்டினா கரண்ட் கீழ கொட்டுமாம்மா?" என்று அவன் கேட்டபோது என்னிடம் பதில் இல்லை. வாசலில் நின்ற அவனுடைய சைக்கிள்தான் கைகொடுத்தது. செயின் ஒரு வளையம். பெடலை மிதித்தால் எல்லாக் கண்ணிகளும் ஒரே நேரத்தில் நகர்கின்றன. எங்கே அறுந்தாலும் பின்சக்கரம் நின்றுவிடும். சக்கரம் செயினைத் தின்றுவிடுவதில்லை, மிதிக்கும் விசையைத்தான் வாங்கிக்கொள்கிறது. செல் என்பது பெடல், பல்பு என்பது சக்கரம், சாவி என்பது வேண்டும்போது செயினைப் பிரித்துச் சேர்க்கும் ஒரு கண்ணி. முதல் பல்பு கரண்டைக் கொஞ்சம் குடித்துவிட்டு மிச்சத்தை அடுத்த பல்புக்குக் கொடுக்கிறது என்று குழந்தைகள் எல்லோரும் நினைப்பார்கள்போலும், நானும் நினைத்திருந்தேன். ஒரே வளையத்தில் அடுத்தடுத்துக் கட்டிய தொடர் இணைப்பில் இரண்டு பல்பும் சமமாக மங்கி எரிந்ததைப் பார்த்த பிறகுதான் இருவரும் திருந்தினோம். ஒன்றைக் கழற்றினால் மற்றதும் அணைந்தது. ஒவ்வொரு பல்புக்கும் தனித்தனி வளையம் கொடுத்துப் பக்க இணைப்பில் கட்டியபோது மூன்றும் நன்றாக எரிந்தன, ஒன்றைக் கழற்றினாலும் மற்றவை அணையவில்லை. சமையலறை விளக்கை அணைத்தால் கூடத்து விளக்கு ஏன் அணைவதில்லை என்று அவனே ஓடிப்போய்ச் சரிபார்த்துக்கொண்டு வந்தான். அந்தப் பன்னிரண்டு நாட்களில் நான் மனதாரச் சிரித்தது அந்த மாலையில்தான்.

புதன்கிழமை இரவு அட்டை வீடு எரிந்தது, அதாவது விளக்கு எரிந்தது. முக்கால் மணி நேரத்தில் மங்கிப்போனது. ஒரு பல்பு 0.3 ஆம்பியர் என்றால் பக்க இணைப்பில் மூன்றும் சேர்ந்து 0.9 ஆம்பியர் இழுக்கும். சின்னச் செல்லுக்கு அது பெரும் சுமை. இந்தக் கூட்டலை நான் போடவில்லை. செல் மாற்றினேன், மறுபடி மங்கியது, மறுபடி மாற்றினேன். அந்த வாரம் செல்லுக்கு மட்டும் 340 ரூபாய் போனது. இதற்கிடையில் அவன் பல்பே இல்லாமல் ஒயரை மட்டும் செல்லின் இரு முனையிலும் சேர்த்துப் பிடித்து, சுடுகிறது என்று கீழே போட்டான். குறுக்குச் சுற்று என்றால் என்ன என்று சொல்லிக்கொடுக்க அதைவிட நல்ல தருணம் வாய்த்திருக்காது. களைப்பில் அதட்டிவிட்டு நகர்ந்துவிட்டேன்.

வியாழன் இரவு எட்டரை மணி. செல்கள் மறுபடியும் தீர்ந்துவிட்டன. பக்கத்துக் கடை மூடிவிட்டார்கள். நான் அடுப்படியில் தோசை வார்த்துக்கொண்டிருந்தேன். "பேட்டரியில இருக்கறதும் சுவத்துல இருக்கறதும் ஒரே கரண்ட்தானம்மா?" என்று கூடத்திலிருந்து குரல் கொடுத்தான். "ஆமா கண்ணு, எல்லாம் ஒரே கரண்ட்தான்" என்று திரும்பிப் பார்க்காமலே சொன்னேன். அந்த வாரத்தில் இதே வாக்கியத்தை ஏற்கெனவே இரண்டு மூன்று தடவை சொல்லியிருப்பேன். பாடம் எளிதாகப் புரியட்டும் என்றுதான் சொன்னேன். அரை நிமிடம்கூட இருக்காது, வெடிச் சத்தம், நீல வெளிச்சம், வீடு முழுக்க இருட்டு, கருகிய நாற்றம். அட்டை வீட்டின் ஒயர் முனைகள் இரண்டையும் சுவிட்ச் போர்டின் பிளக் துளைகளில் செருகி சுவிட்சைப் போட்டிருந்தான். 2.5 வோல்ட் பல்பின் இழை 230 வோல்ட்டுக்கு முன்னால் வெறும் ஒயர் துண்டுதான். மூன்று பல்பும் சிதறி, ஒயர் முனை உருகி, ஃபியூஸ் போனது.

நான் இருட்டில் ஓடி அவனை வாரி அணைத்தேன். அது மிகப் பெரிய தவறு என்று இப்போது தெரியும். ஃபியூஸ் போகாமல் அவன் மின்சாரத்தின் பிடியில் இருந்திருந்தால் என்னையும் சேர்த்துப் பிடித்திருக்கும். முதலில் மெயினை அணைக்க வேண்டும். அது கைக்கு எட்டவில்லை என்றால் காய்ந்த மரக்கட்டையாலோ பிளாஸ்டிக் நாற்காலியாலோ ஆளைத் தள்ளி விலக்க வேண்டும். மூச்சுப் பேச்சு இல்லையென்றால் உடனே 108. என் வீட்டில் மெயின் சுவிட்ச் கதவுக்குப் பின்னால், அரிசி மூட்டைக்கு மேலே இருந்தது. அதை இருட்டில் தொட்டிருக்கவே முடியாது. கட்டைவிரலிலும் ஆள்காட்டி விரலிலும் கரி படிந்து, சிறிய தீக்காயம். பக்கத்து வீட்டுத் தம்பியின் ஸ்கூட்டரில் மருத்துவமனைக்குப் போனோம். இ.சி.ஜி. எடுத்துப் பார்த்து, மின்சாரம் உடலுக்குள் பாய்ந்ததற்கான அறிகுறி இல்லை, தீப்பொறி சுட்டதுதான் என்று மருத்துவர் சொல்லும்வரை என் கை நடுங்கிக்கொண்டே இருந்தது. 850 ரூபாய் ஆயிற்று. பார்வைக்கு ஒன்றும் இல்லையென்றாலும், வீட்டு மின்சாரம் பட்ட குழந்தையை மருத்துவரிடம் காட்டாமல் விடக்கூடாது, இதயத் துடிப்புக் கோளாறு வெளியே தெரியாது என்றும் அவர் சொன்னார். கணவரிடம் அன்றிரவு சொல்லவில்லை. இரண்டாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் போரிங் ஓடும் சத்தத்துக்கு நடுவே அவரால் என்ன செய்ய முடியும்? விடியும்வரை மகன் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தேன். அவன்மேல் எனக்குக் கோபமே வரவில்லை. நான் சொன்னதை நம்பி, அதன்படி சரியாகவே முடிவெடுத்திருந்தான்.

மறுநாள் காலையில் வந்த எலெக்ட்ரீசியன் அண்ணன் பீஸ் கட்டையைக் கழற்றிப் பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டார். யாரோ எப்போதோ நான்கைந்து செம்பு இழைகளை முறுக்கிப் போட்டிருந்தார்கள். "பீஸ் ஒயரைத்தான் காப்பாத்துமுங்க அம்மணி, ஆளைக் காப்பாத்தாது" என்று அவர் சொன்னதை அதற்கு முன் எனக்கு யாரும் சொன்னதில்லை. ஃபியூஸ் போக பல ஆம்பியர் வேண்டும். மனித இதயத்தின் துடிப்பைக் கலைக்க ஓர் ஆம்பியரில் பத்தில் ஒரு பங்குகூடத் தேவையில்லை. ஆளைக் காப்பதற்கென்றே ஆர்.சி.சி.பி. என்று ஒன்று உண்டு. உள்ளே போகும் மின்னோட்டமும் திரும்பி வரும் மின்னோட்டமும் சமமாக இருக்கின்றனவா என்று அது பார்த்துக்கொண்டே இருக்கும். 30 மில்லி ஆம்பியர், அதாவது ஓர் ஆம்பியரில் ஆயிரத்தில் முப்பது பங்கு அளவுக்கு வேறு வழியாக, அதாவது ஓர் உடல் வழியாகத் தரைக்குப் போனால், நொடியில் ஒரு சிறு பகுதிக்குள் துண்டித்துவிடும். கருவிக்கு 2,400, கூலி 600 என்று மொத்தம் 3,000 ரூபாய். இதை நான் நஷ்டக் கணக்கில் எழுதவில்லை. ஆனால் அந்த அண்ணன் நேர்மையானவர். ஒரு கை ஒரு துளையிலும் மறு கை மறு துளையிலும் பட்டால் மின்சாரம் போன வழியே திரும்பிவிடுவதால் இந்தக் கருவிக்கு அது தெரியாது என்பதையும் சொன்னார். ஆகவே, பிளக் செருகினால் மட்டும் திறக்கும் உள்திரை கொண்ட பிளக் பாயின்ட்டுகளாக மாற்றினோம். மாதம் ஒருமுறை ஆர்.சி.சி.பி.யின் சோதனைப் பொத்தானை அழுத்திப் பார்ப்பதை மகனின் பொறுப்பாக்கிவிட்டேன்.

கண்காட்சிக்கு அவன் போகவில்லை. ஞாயிற்றுக்கிழமை விரலில் கட்டோடு இருந்தவனை வாசலுக்கு அழைத்துப்போய், நான் முதல் நாளே சொல்லியிருக்க வேண்டிய பாடத்தைச் சொன்னேன். 230ஐ 1.5ஆல் வகுக்கச் சொன்னேன். ஏறக்குறைய 153 வந்தது. ஒரு செல்லின் நீளம் ஐந்து சென்டிமீட்டர். ஒரே ஒரு செல்லைப் படிக்கட்டில் வைத்து, முனையில் சாக்பீஸால் கோடு போட்டு, நகர்த்தி, மறுபடி கோடு போட்டு எண்ணிக்கொண்டே போனோம். 153ஆவது கோடு ஏழரை மீட்டருக்கும் சற்று மேலே தள்ளி, தெருவைத் தாண்டி எதிர்வீட்டுத் திண்ணைக்குப் பக்கத்தில் விழுந்தது. பிளக் துளைக்குப் பின்னால் இவ்வளவு செல்கள் வரிசையாக நின்று ஒரே நேரத்தில் தள்ளுகின்றன என்றேன். அவன் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, ஈரக் கை என்றால் என்ன ஆகும் என்று அவனாகவே கேட்டான். காய்ந்த தோல் மின்சாரத்தை நன்றாகத் தடுக்கும், ஈரத்தோலின் தடை பல மடங்கு குறைந்துவிடும், அதனால்தான் 1.5 வோல்ட் செல்லைத் தொட்டால் ஒன்றும் தெரிவதில்லை, ஈரக் கையால் சுவிட்ச் போர்டைத் தொட்டால் ஆள் போய்விடலாம் என்று விளக்கினேன். ஒரே கரண்ட்தான் என்று நான் சொன்னது பொய்யல்ல. தவலைத் தண்ணீரும் ஆடிப் பெருக்குக் காவிரியும் ஒரே தண்ணீர்தான் என்பதுபோல அரைகுறையான உண்மை.

அடுத்த விடுமுறையில் பெருந்துறைப் பக்கம் என் அப்பா வீட்டுக்குப் போனபோது அவனுடைய அப்புச்சி கிணற்று மோட்டாரைத் தூரத்தில் நின்று காட்டினார். தன் அப்பா காலத்தில் மாட்டைக் கட்டிக் கவலை என்னும் தோல் சாலால் கிணற்றுத் தண்ணீர் இறைத்ததையும், 1932இல் நீலகிரியின் பைக்காராவில் நீர்மின்சாரம் எடுக்கத் தொடங்கிய பிறகே கோயம்புத்தூர்ப் பக்கம் மில்கள் பெருகியதையும், ஜி.டி.நாயுடு 1937இல் அங்கேயே மின் மோட்டார் செய்து காட்டியதையும் அவர் கதையாகச் சொல்ல, பேரன் ஸ்டார்ட்டர் பெட்டியில் மூன்று ஒயர் எதற்கு என்று கேட்டுக்கொண்டிருந்தான். பயம் போய்விடவில்லை, கேள்வியும் போய்விடவில்லை. எனக்கு அது போதுமானதாக இருந்தது.

இரண்டாவது அட்டை வீட்டை அவசரமில்லாமல் கட்டினோம். ஈரோட்டுக்குப் பஸ் ஏறி, வெள்ளை எல்.இ.டி.யும் 100 ஓம் ரெசிஸ்டரும் வாங்கி வந்தோம் (ஓம் என்பது தடையின் அளவு). எல்.இ.டி.யின் நீளக் கால் நேர்முனைக்கு, குட்டைக் கால் எதிர்முனைக்கு. மாற்றிப் போட்டால் எரியாது. வெள்ளைக்கு மூன்று வோல்ட் அளவு போதும். மூன்று செல் சேர்ந்த நாலரை வோல்ட்டை நேராகக் கொடுத்தால் கருகும். மிச்சம் ஒன்றரை வோல்ட்டை ரெசிஸ்டர் தாங்கிக்கொள்ள, 1.5ஐ 100ஆல் வகுத்தால் 15 மில்லி ஆம்பியர். பழைய பல்பு இழுத்ததில் இருபதில் ஒரு பங்கு. ஒவ்வொரு எல்.இ.டி.க்கும் அதனதன் ரெசிஸ்டர் என்று மூன்று வளையம் கட்டினோம். மூன்று மாலை எரிந்தும் செல் தீரவில்லை. கூடவே 300 ரூபாய்க்கு, வோல்ட்டும் ஆம்பியரும் அளக்கும் ஒரு சிறிய மல்டிமீட்டரும் வாங்கினேன். எரியாதபோது பிழை செல்லிலா, ஒயரிலா, இணைப்பிலா என்று ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்க்க அதைப்போல் உதவுவது வேறில்லை, நாங்கள் பார்த்தவரை பத்தில் எட்டு தடவை இணைப்பில்தான் பிழை. வீட்டு மின்சாரத்தின் பக்கம் மட்டும் அதைக் கொண்டுபோக அவனுக்கு அனுமதியில்லை. கடைக்காரர் பொத்தான் செல்லில் ஒரு எல்.இ.டி.யைச் செருகிக் காட்டினார், அழகாகத்தான் இருந்தது. ஆனால் எங்கள் வீட்டுக்கு நாத்தனாரின் இரண்டு வயதுக் குழந்தை வந்து போகும். அந்தச் செல்லை விழுங்கினால் இரண்டு மணி நேரத்துக்குள் உணவுக்குழாய் வெந்துவிடலாம் என்பதால் வேண்டாம் என்றுவிட்டேன்.

பொங்கலுக்கு ரிக்கிலிருந்து வந்த கணவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பையை இறக்கி வைத்தவரைக் காப்பி குடிக்கக்கூட விடாமல் மகன் வாசலுக்கு இழுத்துப் போனான். பழைய கோடுகள் மழையில் அழிந்துவிட்டிருந்தன. கையில் ஒரு செல்லும் ஒரு சாக்பீஸும் வைத்துக்கொண்டு படிக்கட்டிலிருந்து மறுபடியும் ஒன்று, இரண்டு என்று தொடங்கினான்; அவர் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு அவனோடு குனிந்து எண்ணிக்கொண்டே தெருவைக் கடந்தார்.